சத்தத்தைக் குறைத்த கை

மேடையில் வீற்றிருக்கும் கூட்டத் தலைவர் அப்துல் சமத் ஐயா அவர்களே! என் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் மன்றத்தின் பொறியாளர் ஃபைசான் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அஸ்மத்துன்னிசா அம்மையார் அவர்களே! கச்சேரி ரோட்டிலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும், தரமணியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ரயில் பிடித்தும் வந்திருக்கிற நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரபாகர். பழைய வீடியோ கேம் மீட்பு மன்றத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மந்தைவெளியில் மாடியறை ஒன்று இருக்கிறது. அதன் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த அறைக்கு என்னை இழுத்து வந்து உட்கார வைத்தவர், மன்றத்தைத் தொடங்கியவர், நம் நிறுவனர் குலாம் ரசூல் சென்ற மாதம் நம்மை விட்டுப் போய்விட்டார். அறைக்குள் நுழைந்தால் முதலில் "செருப்பைக் கழட்டு பிரபா, தூசி வருது" என்று அதட்டல் கேட்கும். இப்போது நான் செருப்போடு உள்ளே போகிறேன். கேட்க ஆளில்லை.

இரங்கல் கூட்டம் என்றால் படத்திறப்பு இருக்கும், மாலை இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் மார்க்கம், அவர்கள் மரபு. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய டி.வி. இருக்கிறது. முன்னால் இரண்டு குமிழ் வைத்த, முதுகு புடைத்த டி.வி. அதை வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியவர் ரசூலின் துணைவியார் அஸ்மத்துன்னிசா அம்மையார்தான். "படமெல்லாம் எதுக்குங்க? இந்த டி.வி.க்கு முன்னாலதானே உக்காந்துக்கினு இருப்பாரு. நாங்க பாத்ததெல்லாம் அவர் முதுகுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

டி.வி.யில் தெரிகிறதே ஒரு படகு, கரையில் கட்டியிருக்கும் படகு, அதுதான் 'கரை சேர்'. நாற்பதைத் தொட்ட சென்னைக்காரர் யாரையாவது நிறுத்திக் கேளுங்கள். டி.வி.யில் மாட்டுகிற பெட்டி, அதன் தலையில் செருகுகிற கேசட், இரண்டு பேருக்கு ஒரே ரிமோட் வைத்துக்கொண்டு போட்ட சண்டை, எல்லாம் சொல்வார்கள். கேசட்டில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு. ஒன்றே ஒன்றுதான் இங்கே, தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கத்தில், பாத்திரக் கடைக்கு மேலே இருந்த மாடியில் பிறந்தது. அதை உருவாக்கியவர் யார்? நிரல் எழுதியவர் யார்? அலை எப்படி எழும்பும், எப்போது ஏமாற்றும் என்று ஆறு மாதம் மண்டையை உடைத்தவர் யார்? குலாம் ரசூல்! படம் வரைந்தவன் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் வெட்கமும் உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விளையாட்டு என்ன? மீன் பிடித்துவிட்டுப் படகு திரும்ப வேண்டும். அலைகளைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அவ்வளவுதான். கவிழ்ந்தால் ஒரு குரல் கேட்கும். கரை சேர்ந்தால் ஒரு குரல் கேட்கும். கவிழ்கிற குரலை இந்த ஊரே கேட்டிருக்கிறது. கரை சேர்கிற குரலைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவ்வளவு கடினமான விளையாட்டு. நானே ஒருமுறைகூடக் கரை சேர்ந்ததில்லை.

இரண்டுமே நொச்சிக்குப்பத்து லூர்துசாமி அண்ணனின் குரல். அவரை மாடிக்கு அழைத்து வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பை நிறைய நெத்திலி கொண்டு வந்தார். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டோம். அந்தப் புழுக்கத்தில், அந்த நெத்திலி வாசனையில், ரசூல் பயபக்தியோடு கேட்டார்: "அண்ணே, படகு கவுந்தா இன்னா கத்துவீங்க?"

லூர்துசாமி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "கவுந்தா எவன் நைனா கத்துவான்? வாயத் தொறந்தா உப்புத்தண்ணிதான் பூரும். சத்தமே வராது."

"கேம்ல சத்தம் வேணுமேண்ணே."

"வேணும்னா கத்திட்டுப் போறேன், இன்னா இப்போ!"

கத்தினார். "ஐயோ... கவுந்துச்சுடா!" கீழே பாத்திரக் கடைக்காரர் அடித்துப் பிடித்து மேலே ஓடி வந்துவிட்டார். கரை சேர்கிற குரலுக்கு நாங்கள் எதுவும் சொல்லித் தரவில்லை. அவரே சொன்னார்: "வந்துட்டோம்டா! ஒலை வெக்கச் சொல்லு!" ரசூல் எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இதைவிட நல்ல குரல் உலகத்தில் எந்த விளையாட்டிலும் இல்லை என்று அன்று சொன்னார். கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னார்.

அதன்பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததுதான். கேசட்டைப் பார்த்துக் கேசட் போட்டார்கள், ஊரெல்லாம் பரவியது. நாங்கள் வேலை பார்த்த நிறுவனம் மட்டும் மூடப்பட்டது. ரசூல் வேறு வேலைக்குப் போனார். நான் கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வரையப் போனேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போன லூர்துசாமி அண்ணன் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. கவிழ்ந்தபடி கிடைத்தது.

நண்பர்களே! பழைய விளையாட்டைக் காப்பாற்றுவது அப்படியென்ன கம்ப சூத்திரமா என்று கேட்பவர்கள் உண்டு. என் மைத்துனரே கேட்டார். புத்தகத்தை அலமாரியில் வைத்தால் கரையான் வரும்வரை இருக்கும். இது அப்படி இருக்குமா? கேசட்டுக்குள் இருக்கும் சில்லு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். சில்லு பிழைத்தால் பெட்டி செத்திருக்கும். பெட்டி பிழைத்தால் அதை மாட்ட டி.வி. இருக்காது. எல்லாவற்றையும் படித்து எடுத்துப் புதிய கணினியில் போட்டால் அலை தலைதெறிக்க ஓடும். ஏனென்றால் பழைய பெட்டி மெதுவாக ஓடும் என்று நம்பித்தான் ரசூல் அந்த அலையை எழுதினார். சரி, இதையெல்லாம் சரிசெய்தாயிற்று. விற்கலாமா? யாரைக் கேட்டு விற்பது? நிறுவனம் இருக்கிறதா? முதலாளி இருக்கிறாரா? பாட்டுப் போட்டவர் எங்கே? குரல் கொடுத்தவர் எங்கே? உலகமெங்கும் இப்படி ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அனாதையாகக் கிடக்கின்றன. அப்பா பெயர் தெரியாததால் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகள் மாதிரி.

பலர் கேட்காமலே வெளியிட்டுவிடுவார்கள். யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். கேட்டுத்தான் வெளியிட வேண்டும் என்றவர் குலாம் ரசூல்! படியேறிக் கேட்டவர் குலாம் ரசூல்! துரத்தப்பட்ட வாசலிலேயே மறுபடி போய் நின்று கேட்டவர் குலாம் ரசூல்!

'கரை சேர்' விளையாட்டுக்கு இசை போட்டது அபிராமபுரத்தில் இருந்த ஒரு வீணை வாத்தியார். பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று உங்களுக்கே புரியும். நானும் ரசூலும் போனோம். வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நானாவது, டொய்ங் டொய்ங்னு வாசிக்கறதாவது! வேற யாரோன்னு நினைச்சுண்டு வந்துட்டேள்" என்றார். ரசூல் மறுத்துப் பேசவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தார். வேண்டுமென்றே ஓர் இடத்தில் தப்பாக முணுமுணுத்தார். வாத்தியாருக்குப் பொறுக்குமா? "அங்க அப்படி இல்லே! இப்படி வரணும்!" என்று பாடியே காட்டிவிட்டார். பிறகு மூவரும் சிரித்தோம். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காபி கொடுத்தார். சம்மதமும் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: "என் பேர் மட்டும் வரப்படாது. எங்காத்துல தெரிஞ்சா சிரிப்பா." வெளியே வந்ததும் நான் குமுறினேன். நல்ல இசைக்குப் பெயர் போடாமல் விடுவதா? ரசூல் சொன்னார்: "பேரு போடுன்னு சொல்றது மாதிரி போடாதேன்னு சொல்றதும் அவரு உரிமைதான் பா. வுடு."

இது அவருடைய முதல் விதி. கேட்காமல் வெளியிடாதே.

இரண்டாவது விதி என்னைக் கடித்த விதி. டி.வி.யில் அந்தப் படகுக்குப் பின்னால் பாருங்கள். சூரியன் மறைகிறது. எங்கே மறைகிறது? கடலுக்குள்! நம் மெரினாவில், நம் சாந்தோமில், கிழக்குக் கடலில் சூரியன் அஸ்தமிக்கிறது! பிறந்தது முதல் சென்னையில் இருப்பவன் நான். கேலண்டரில் பார்த்த படத்தை நம்பி அப்படி வரைந்துவிட்டேன். குப்பத்தில் ஒரு பாட்டன்கூட மிச்சமில்லாமல் என்னைக் கலாய்த்தார்கள். மறுவெளியீடு என்று பேச்சு வந்ததும் நான் ஓடினேன். ரசூல், இந்தச் சூரியனை மட்டும் மாற்றித் தருகிறேன், ஒரு மணி நேர வேலை என்றேன். கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. "அது உன் படம் பிரபா. தப்பும் உன்னுதுதான். இன்னிக்கு நீ சூரியனை மாத்துவே, நாளைக்கு நான் அலையை மாத்துவேன், நாளன்னிக்கு அது வேற கேம். இருந்தத இருந்த மாதிரி வெக்கணும்." இன்றைக்கும் அங்கே தப்பாகத்தான் மறைந்துகொண்டிருக்கிறது.

மாற்றாதே. இது இரண்டாவது விதி. இந்த இரண்டு விதிகளின் மேல்தான் எங்கள் மன்றம் நிற்கிறது. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

வெளியூர் வெளியீட்டு நிறுவனம் ஒன்று 'கரை சேர்' விளையாட்டை இன்றைய பெட்டிகளுக்கும் கைபேசிகளுக்கும் கொண்டுவர முன்வந்தது. நிரல் ரசூலுடையது, படம் என்னுடையது, இசைக்குச் சம்மதம் இருக்கிறது. மிச்சம் குரல் மட்டும்தான். லூர்துசாமி அண்ணனின் மகள் டயானா, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறார். ரசூல் போனார்.

டயானா முடியாது என்றார். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். அப்பா போன பிறகும் குப்பத்துப் பிள்ளைகள் அந்தக் கேசட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள்தானே, என்ன தெரியும்? ஒரு வீட்டில் படகு கவிழும்: "ஐயோ... கவுந்துச்சுடா!" அடுத்த வீட்டில் கவிழும்: "ஐயோ... கவுந்துச்சுடா!" பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறாள். "எங்கப்பா ஒரு தபாதான் நைனா செத்தாரு. எனக்குத் தெனமும் செத்தாரு. மறுபடியும் ஊருக்கெல்லாம் விக்கப் போறீங்களா?" என்று டயானா கேட்டார். உங்களில் யாரிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா?

வேறு யாரையாவது வைத்துக் குரல் கொடுத்து மாற்றிவிடலாம் என்று நிறுவனம் சொன்னது. எங்கள் மன்றத்திலேயே சிலர் சொன்னார்கள். "லூர்துசாமி அண்ணன் இல்லாம அந்தப் படகு எதுக்கு?" என்று ரசூல் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதன்பின் டயானாவிடம் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. போவார், மீன் வாங்குவார், வருவார். வீட்டில் மீன் தின்று தின்று எல்லோருக்கும் அலுத்துவிட்டது என்று அஸ்மத்துன்னிசா அம்மையார் சண்டை போட்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் நான் கோபமாகவே கேட்டேன். கரை சேர்கிற குரலும் இருக்கிறதே, அதை அந்தப் பெண் கேட்டிருக்கவே மாட்டாளே, அதைச் சொன்னால் மனம் இளகுமே, ஏன் சொல்லவில்லை என்று. "அத்த காட்டி இத்த வாங்குறதா? அப்பன் குரலை வெச்சு பேரம் பேசுறதா பிரபா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவர் போன சேதி கேட்டு டயானா கச்சேரி ரோட்டு வீட்டுக்கு வந்தார். பெண்கள் கூடியிருந்த அறையில் அஸ்மத்துன்னிசா அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: "உங்கப்பா கரைக்கு வர்ற சத்தமும் அதுல கீதும்மா. அத்த காட்டி உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு அவரு சொல்லாமலே வெச்சிருந்தாரு. நான் ஒண்ணும் கேக்கலை. கேக்கணும்னு தோணினா போய்க் கேளு." கணவரை அடக்கம் செய்த நாளில் இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

டயானா மந்தைவெளி அறைக்கு வந்தார். கடைசிக் கட்டத்துக்கு நேராகப் போகிற வழியொன்று ஃபைசானுக்குத் தெரியும். ரசூல் அவருக்கு மட்டும் காட்டியிருந்தார். படகு கரை தொட்டது. "வந்துட்டோம்டா! ஒலை வெக்கச் சொல்லு!" டயானா மறுபடி போடச் சொன்னார். மறுபடி. மறுபடி. வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலிருந்தே அப்பா இப்படித்தான் குரல் கொடுப்பாராம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தப் போடுங்க. எல்லாருக்கும் போடுங்க. அந்தக் கவுர்ற சத்தம் மட்டும் வேணாம்."

சம்மதம் வந்துவிட்டது! இத்தனை ஆண்டு வராத சம்மதம்! ஆனால் கேட்காமல் வெளியிடாதே என்ற விதியைக் காப்பாற்றினால், மாற்றாதே என்ற விதி போகிறது. இதை நாங்கள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. டயானாவின் கண்ணீரைப் பார்த்ததும் ஃபைசானுக்கு அவசரம். இதோ அக்கா, இப்பவே எடுத்துடறேன் என்று கணினியில் நகலைத் திறந்து அந்தக் குரலை நீக்கினார். நீக்கிவிட்டு, எப்படி இருக்கிறது பாருங்கள் என்று ஓட்டியும் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

படகு கவிழ்ந்தது. கவிழ்ந்தது அப்படியே நின்றது. மூழ்கவும் இல்லை, மறுபடி புறப்படவும் இல்லை. ரசூல் எழுதிய நிரல் அப்படி. குரல் முடிகிற வரைக்கும் படகு காத்திருக்கும்; முடிந்ததும்தான் மூழ்கும். குரலே இல்லையென்றால் அது எப்போது முடியும்? திரையில் வெறும் கடல், நடுவில் கவிழ்ந்த படகு. அலைகூட ஆடவில்லை. ஃபைசான் ஏதேதோ பொத்தானை அழுத்துகிறார். டயானா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இப்படித்தான் கெடந்துச்சு" என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நண்பர்களே! ஓர் இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் புகழை மட்டும் பாடிவிட்டு அமர்ந்திருக்கலாம். ஆனால் குலாம் ரசூல் விட்டுச் சென்றது புகழை மட்டும்தானா? முடிக்காத ஒரு வேலையையும் விட்டுச் சென்றிருக்கிறார். அது என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று காலை நொச்சிக்குப்பம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். டயானா கத்தியை நிறுத்தாமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "வேணாம்னா சொல்லிடும்மா, இதோட விட்டுடறோம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்போ வேணாம்னேன்? அந்தப் படகை அப்படியே வுட்டுடாதீங்கண்ணே. முடிச்சு வைங்க. அவரு கரைக்கு வரட்டும்" என்றார். அந்த டயானா இதோ, மூன்றாவது வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது.

அந்தப் படகை எப்படி முடித்து வைப்பது? குரலை எடுத்த இடத்தில், அந்தக் குரல் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரத்துக்கு மௌனத்தை வைக்க வேண்டும். நிரல் காத்திருக்கும், மௌனம் முடியும், படகு மூழ்கும், மறுபடி புறப்படலாம். ஃபைசான்தான் வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, கூடாது என்றும் அவரே சொல்கிறார். வீணை வாத்தியாரின் பெயரைப் போடாமல் விடுவது வேறு, அது விளையாட்டுக்கு வெளியே இருப்பது. குரலை எடுப்பது உள்ளே கை வைப்பது என்கிறார். "உங்க சூரியனையே மாத்த விடாதவர், இதுக்கு ஒத்துக்குவாரா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த முகம். அதனால்தான் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ரசூலின் மாணவர் இல்லையா, கோபமும் அப்படியே வந்திருக்கிறது.

ஃபைசானுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோட்டூர்புரத்தில் நாம் நடத்திய கண்காட்சி நினைவிருக்கிறதா? இதே டி.வி., இதே கேசட். வரிசையாக எல்லோரும் வந்து ஆடினார்கள், எல்லோரும் கவிழ்ந்தார்கள். ரசூல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வலது கை எங்கே இருந்தது? சத்தக் குமிழின் மேல். படகு சாயும் அந்த நொடியில் குமிழைத் திருப்புவார். மூழ்கியதும் பழையபடி ஏற்றுவார். நாள் முழுக்க அந்தக் கூடத்தில் லூர்துசாமி அண்ணன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. டி.வி.யில் ஏதோ கோளாறு, தட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். அஸ்மத்துன்னிசா அம்மையாரிடம் போன வாரம் கேட்டபோதுதான் தெரிந்தது. அண்ணன் போன நாள் முதல் வீட்டிலும் அப்படித்தானாம். தனியாக ஆடும்போதும் அப்படித்தானாம்.

யாரும் எதையும் மாற்றக்கூடாது என்று ஊருக்கு விதி சொன்ன மனிதர், தன் கையால் அதை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருந்தார். கேசட்டில் அந்தக் குரலை அவர் தொடவில்லை. அதை யாரும் கேட்கவும் விடவில்லை. இதற்கு மேல் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல் மேடையில் பேசினால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

ஆகவே நாங்கள் செய்யப் போவது இதுதான். அந்தக் குரலோடு கூடிய மூலம், ஒரு புள்ளி மாறாமல், என் சூரியனோடு சேர்த்து, மந்தைவெளி அறையில் இருக்கும். சில்லு செத்தால் வேறொன்றில் ஏற்றுவோம். அதுவும் செத்தால் இன்னொன்றில் ஏற்றுவோம். டயானா சொல்லாமல் அது வெளியே போகாது. வெளியே போகிற விளையாட்டில், படகு கவிழும் இடத்தில் மௌனம் இருக்கும். வேறு யாருடைய குரலும் இருக்காது. அஸ்மத்துன்னிசா அம்மையார் சம்மதித்துவிட்டார். வெளியீட்டு நிறுவனம் ஏற்குமா? தெரியாது. முழுதாகக் கொடு, இல்லையென்றால் வேண்டாம் என்று அவர்கள் போய்விடலாம். அப்படிப் போனால் இந்த விளையாட்டு நம்மோடு முடிந்துவிடவும் கூடும். இதெல்லாம் சரிதானா என்று கேட்டால் அடித்துச் சொல்ல என்னால் முடியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் செய்த வேலையைச் செய்வோம். கேட்டுக் கேட்டுச் செய்வோம். கதவைச் சாத்தினால் மறுபடி போய்த் தட்டுவோம். மந்தைவெளி அறைக்குள் இனிமேல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். இது உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் கொடுக்கும் வாக்கு!

எனக்குப் பின் தலைவர் அப்துல் சமத் ஐயா துஆ செய்வார். அதற்கு முன் மௌன அஞ்சலி. வழக்கமாக ஒரு நிமிடம் நிற்போம். இன்று அவ்வளவு வேண்டாம். இதோ, இந்தப் படகை அவிழ்த்து விடுகிறேன். அலைச் சத்தம் கேட்கிறதா? ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டேன். யாரும் ஓட்டாத படகு. அதிக தூரம் போகாது. அது கவிழும்போது, லூர்துசாமி அண்ணன் கத்திய அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு மட்டும் நிற்போம். கவிழ்ந்தால் சத்தமே வராது என்று சொன்னவரும் அவர்தான்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

தம்பி ஃபைசான், என் மேல் கோபம் இருக்கட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். குமிழ் உன் பக்கத்தில்தான் இருக்கிறது. படகு சாய்கிறது பார். சத்தத்தைக் குறை.